கண்ணாடிப் பெட்டியும் தாயின் நெஞ்சும்

"தொட்டா பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்கு சாமி. அதான் வெளியவே ஒக்காந்திருக்கேன்."

சில ஆண்டுகளுக்கு முன்னர் நமது மாகாணத்தின் வைத்தியசாலை ஒன்றில், நடைவழி வாங்கில் அமர்ந்திருந்த ஓர் இளம் தாய் நம்மிடம் கூறிய வார்த்தைகள் இவை. மண்சரிவு அபாயத்தினால் வீட்டையும், மிளகுக் கொடிகளையும், மரக்கறி பயிரிட்ட துண்டு நிலத்தையும் விட்டு இறங்கி, தோட்ட லயம் ஒன்றில் உறவினரோடு ஒண்டியிருந்த குடும்பம் அது. அந்த அலைச்சலுக்கிடையே 31 வாரத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. நிறை 1,400 கிராம். பிறந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். பாலைப் பிழிந்து உள்ளே கொடுத்தனுப்புவதோடு தமது வேலை முடிந்தது என்றே அத்தாய் எண்ணியிருந்தார். "வீடும் போச்சு, தோட்டமும் போச்சு. இந்தப் பிள்ளைக்கும் நான் செய்ய ஒன்னும் இல்ல" என்று அவர் சொன்னபோது நம்மால் உடனே பதில் கூற முடியவில்லை.

2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்ததையும், 2017 மே மாதம் களு கங்கை பெருகியதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்ததையும் அறிந்த நமது வாசகர்களுக்கு, 'எல்லாம் போய்விட்டது' என்ற சொல்லின் பாரம் புதிதன்று. ஆனால் அத்தாய் கூறிய கடைசி வாக்கியம் மட்டும் உண்மையன்று. குறைமாதக் குழந்தைக்கு வைத்தியரும் தாதியும் இயந்திரமும் செய்ய முடியாத ஒரு வேலை உண்டு. அது தாய்க்கு உரியது. அது என்ன, ஏன், எவ்வாறு என்பதையே இக்கட்டுரையில் விளக்க விரும்புகின்றோம்.

குறைமாதக் குழந்தை என்பது யார்?

37 வாரங்கள் நிறையுமுன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கின்றோம். 2,500 கிராமுக்குக் குறைந்த நிறையோடு பிறப்பது நிறை குறைந்த குழந்தை. சில குழந்தைகள் இரு வகையிலும் அடங்குவர். நமது நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நிகழ்கின்றன. இது பெருமைக்குரிய நிலை. ஆயினும் நிறை குறைந்த பிறப்பு, நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டப் பகுதிகளிலேயே அதிகமாக உள்ளது.

தாயின் இரத்தச்சோகை, போஷாக்குக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், நோய்த்தொற்று, இரட்டைக் கரு முதலியன இதற்குக் காரணங்களாகலாம். பல சந்தர்ப்பங்களில் காரணம் இன்னதென்று சொல்லவே முடிவதில்லை. ஆகவே, 'நீ இரவில் வெளியே போனாய்', 'கண்ணூறு பட்டுவிட்டது' என்று தாயைக் குற்றஞ்சாட்டுவது அறியாமை மட்டுமன்று, அநீதியுமாகும்.

தேயிலைத் தவறணையில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விடயம் தெரியும். வேர் பிடிக்காத இளந்துண்டை நேராக வெயிலில் நட்டால் வாடிவிடும். முதலில் நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், அடிக்கடி அசைக்காதிருத்தல் வேண்டும். பின்னர் சிறிது சிறிதாக நிழலைக் குறைத்து வெயிலுக்குப் பழக்குகின்றோம். கருவறையும் அத்தகைய நிழற்பந்தலே. இருட்டு, இளஞ்சூடு, தாயின் இதயத்துடிப்பு, கைகால்களை மடக்கி அணைத்து வைத்திருக்கும் சுவர் ஆகிய யாவும் அங்கே உண்டு. குறைமாதக் குழந்தை அந்த நிழலிலிருந்து இரண்டு மூன்று மாதம் முந்தியே பிடுங்கப்பட்டு, வெளிச்சமும் சத்தமும் ஊசியும் உள்ள இடத்துக்கு வந்துவிடுகின்றது.

நெருக்கீடு என்றால் என்ன?

ஓர் உடல் தாங்கக்கூடியதற்கு மேல் அதன்மீது சுமை விழும்போது உண்டாகும் நிலையை நெருக்கீடு என்கின்றோம். பெரியவர்கள் அதனை வாயால் சொல்வோம். நிறைமாதக் குழந்தை உரத்து அழும். குறைமாதக் குழந்தைக்கு அழுவதற்கும் பலமில்லை. அதன் இதயத்துடிப்பு மாறும், மூச்சு இடையிடையே நிற்கும், இரத்தத்தில் ஒட்சிசன் குறையும். வளர்வதற்குப் பயன்பட வேண்டிய சக்தி இதில் செலவாகிவிடும். மிகவும் முந்திப் பிறந்த குழந்தைகளுக்கு முதல் சில நாட்களில் மூளையின் மெல்லிய இரத்தக் குழாய்கள் கசியும் ஆபத்தும் உண்டு. அதனாற்றான் அந்நாட்களில் தேவையின்றித் தொடுவதைத் தவிர்க்கின்றார்கள்.

'இவ்வளவு சிறிய பிள்ளைக்கு வலி தெரியுமா?' என்று கேட்பவர் உண்டு. 1980களின் நடுப்பகுதிவரை மேலைநாடுகளிற்கூட வைத்தியர் பலர் தெரியாது என்றே நம்பினர். குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வலிநிவாரணியின்றிச் சத்திரசிகிச்சையும் செய்தனர். இந்தியாவிலிருந்து ஒக்ஸ்போர்ட் சென்ற வைத்தியர் கன்வல்ஜீத் ஆனந்த் 1987 இல் வெளியிட்ட ஆய்வு இந்நம்பிக்கையை அசைத்தது. பலமான வலிநிவாரணி சேர்த்துக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளின் உடலில் நெருக்கீட்டுக்குரிய சுரப்புகள் குறைந்திருந்தன. சத்திரசிகிச்சைக்குப் பின் எழும் சிக்கல்களும் குறைந்திருந்தன. சிறு குழந்தைக்கு வலி உண்டு என்பது இன்று ஐயமற்ற உண்மை.

எவை குழந்தையை வருத்துகின்றன?

வெளிச்சம்: குறைமாதக் குழந்தையின் கண்ணிமை மெல்லியது. தலைக்கு மேல் எரியும் விளக்கு அதனூடாகவும் உறுத்தும்.

சத்தம்: பெட்டியின் மூடியில் பாற்போத்தலை 'டக்' என்று வைத்தால், உள்ளே அது வெடிச்சத்தம் போலக் கேட்கும். பெட்டியின் கதவை அறைந்து மூடுதலும் அவ்வாறே. குழந்தைகள் பிரிவில் சத்தம் 45 டெசிபெலுக்கு மேற்படலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1997 இல் அறிவுறுத்தியது. அது தாழ்ந்த குரலில் பேசும் அளவையும்விடக் குறைவு.

அடிக்கடி அசைத்தல்: நிறை பார்க்க ஒரு தடவை, நெப்பி மாற்ற ஒரு தடவை, இரத்தம் எடுக்க ஒரு தடவை என்று எழுப்பிக்கொண்டே இருந்தால் குழந்தை ஆழ்ந்து உறங்காது. உறங்கும்போதே அதன் மூளை வளர்கின்றது.

குளிர்: ஈரமும் காற்றும் பட்டால் சிறிய உடல் விரைவிற் குளிர்ந்துவிடும்.

தனிமை: தாயின் மணமும் குரலும் இல்லாதிருத்தலும் ஒரு நெருக்கீடே.

இவற்றுட் சிலவற்றைத் தவிர்க்க முடியாது. ஊசி போடத்தான் வேண்டும், நிறை பார்க்கத்தான் வேண்டும். அவற்றைச் செய்கின்ற முறையை மாற்றினால் குழந்தையின் சுமை குறையும்.

குழந்தை பேசும் மொழி

1980களில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஹைடெலீஸ் ஆல்ஸ் என்ற உளவியலாளர், குறைமாதக் குழந்தைகளைப் பொறுமையோடு கவனித்துப் பார்த்தார். அவற்றின் ஒவ்வோர் அசைவும் ஒரு செய்தி என்று அவர் காட்டினார். நாம் மாட்டின் காதைப் பார்த்து அதன் சுகவீனத்தை அறிகின்றோம். இலையின் நிறம் பார்த்துப் பயிரின் குறையை அறிகின்றோம். அதே கண்ணோடு குழந்தையையும் பார்க்கலாம்.

'போதும், என்னை விடுங்கள்' என்பதற்கான அடையாளங்கள்: விரல்களை அகல விரித்தல், கைகால்களை விறைப்பாக நீட்டுதல், முதுகை வில்லாக வளைத்தல், முகத்தைச் சுளித்தல், பார்வையைத் திருப்புதல், விக்கல், தும்மல், கொட்டாவி தொடர்ந்து வருதல், தோல் வெளிறுதல் அல்லது திட்டுத் திட்டாக நிறம் மாறுதல்.

'சுகமாயிருக்கின்றேன்' என்பதற்கான அடையாளங்கள்: கையை வாயருகே கொண்டுபோதல், விரலைப் பற்றிக்கொள்ளுதல், கைகால் மடங்கியிருத்தல், சீரான மூச்சு, இளஞ்சிவப்பு நிறம், அமைதியான முகம்.

போதும் என்று குழந்தை சொன்னால் செய்வதைச் சற்று நிறுத்துங்கள். அது அமைதியடைந்த பின் தொடரலாம். மூச்சு நின்றாலோ, உதடு நீலமானாலோ உடனே தாதியை அழையுங்கள்.

அன்றாடப் பணிகளில் தாயின் கை

1. தொடுதல். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, துடைத்து, சூடேற்றிய பின்னரே தொட வேண்டும். தொடுமுன் தாழ்ந்த குரலில் பேசுங்கள். ஒரு கையைத் தலையைச் சூழவும், மறு கையை மடங்கிய பாதங்களிலுமாக வைத்து அசையாமல் ஏந்தியிருங்கள். தடவுதல், தட்டுதல், குலுக்குதல் வேண்டாம். அவை சிறு குழந்தைக்கு எரிச்சலூட்டும். அசையாத கை கருவறைச் சுவர் போல இருக்கும்.

2. நெப்பி மாற்றுதல். இரண்டு கால்களையும் பிடித்து மேலே தூக்க வேண்டாம். குழந்தையைச் சற்றுப் பக்கவாட்டாகத் திருப்பி, கால்கள் மடங்கியபடியே மெதுவாக மாற்றுங்கள்.

3. ஊசி போடுதல், குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்தல். அவ்வேளையில் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகக் குழந்தை இருந்தால் வலி குறைகின்றது என்பது பல ஆய்வுகளால் உறுதியானது. அது இயலாதபோது, ஒருவர் ஊசி போட, தாய் குழந்தையின் கைகால்களை மடக்கி ஏந்தியிருக்கலாம். தாதியின் அனுமதியோடு சில துளி தாய்ப்பாலை நாவில் விடுவதும் உதவும்.

4. பாலூட்டல். சுமார் 34 வாரத்துக்கு முன் உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் மூன்றையும் இணைத்துச் செய்யக் குழந்தையால் பெரும்பாலும் இயலாது. ஆகையால் மூக்கு அல்லது வாய் வழியே குழாய் இட்டுப் பால் செலுத்துகின்றார்கள். அந்நேரத்திலும் குழந்தை தாயின் நெஞ்சில் இருக்கலாம். முதல் நாட்களின் கடும்புப் பாலை ஒரு துளியும் வீணாக்க வேண்டாம். இரவிலும் உட்பட ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது பிழிந்தால்தான் பால் வற்றாமல் இருக்கும்.

5. குளிப்பாட்டல். நிறை கூடி உடற்சூடு நிலைபெறும்வரை அவசரம் வேண்டாம். பின்னர் குளிப்பாட்டும்போது மெல்லிய துணியால் சுற்றியபடியே இளஞ்சூட்டு நீரில் இறக்கி, ஒவ்வோர் அங்கமாகத் திறந்து கழுவினால் குழந்தை நடுங்காது.

6. உறக்கம். இயன்ற பணிகளை ஒரே வேளையில் சேர்த்துச் செய்து, பின் நீண்ட நேரம் உறங்கவிடுவது நல்ல தாதிமாரின் வழக்கம். அப்போதும் குழந்தை களைத்தால் மிகுதியைப் பிறகு பார்க்கலாம். உறவினர் வந்துவிட்டார்கள் என்பதற்காக உறங்கும் குழந்தையை எழுப்பிக் காட்டாதீர்கள்.

ஏழைகளின் வைத்தியசாலையில் பிறந்த முறை

இம்முறைகளுள் தலையாயது கங்காரு முறைப் பராமரிப்பு. இது செல்வந்த நாட்டில் தோன்றியதன்று. தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில், ஏழைத் தாய்மார் நாடிவந்த மகப்பேற்று வைத்தியசாலை ஒன்றில் கண்ணாடிப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் பல குழந்தைகளை இட வேண்டியிருந்தது. தொற்றுநோயால் குழந்தைகள் இறந்தன. 1978 இல் வைத்தியர் எட்கார் ரே சனாப்ரியா, குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு கட்டிவைத்துத் தாயின் சூட்டிலேயே வளர்க்கத் தொடங்கினார். வைத்தியர் ஹெக்டர் மார்ட்டினேஸ் அவரோடு சேர்ந்து அதனை வளர்த்தார். கங்காரு தன் குட்டியை மிகச் சிறியதாக ஈன்று வயிற்றுப் பையில் வைத்து வளர்ப்பதால் அம்முறைக்கு அப்பெயர் வந்தது.

பெட்டி இல்லாத இடத்துக்கான மாற்றுவழி என்றே பலர் இதனை முதலில் கருதினர். பெட்டி உள்ள இடத்திலும் இதுவே மேல் என்பது பின்னர் தெளிவாகியது. உலக சுகாதார நிறுவனம் முன்னின்று இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2021 இல் வெளியாயிற்று. 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்கு உட்பட்ட நிறையுடைய 3,211 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குப் பிறந்தவுடனேயே கங்காரு முறை தொடங்கப்பட்டது. மறு பிரிவினருக்கு உடல்நிலை சீரான பின்னரே தொடங்கப்பட்டது. 28 நாட்களுக்குள் இறந்தோர் பின்னைய பிரிவில் நூற்றுக்கு 15.7, முன்னைய பிரிவில் நூற்றுக்கு 12. அதாவது இறப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இப்பயனை மற்றப் பிரிவினருக்கு மறுப்பது நியாயமன்று என்று கண்டு, ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டனர்.

2022 இல் அந்நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலின்படி, எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் இயன்றவரை விரைவில், ஒரு நாளில் 8 மணி முதல் 24 மணிவரை இம்முறை கொடுக்கப்படல் வேண்டும். தானாக மூச்சுவிட முடியாத, செயற்கைச் சுவாச இயந்திரத்தில் உள்ள, அதிர்ச்சி நிலையிலுள்ள குழந்தைகள் மட்டும் காத்திருக்க வேண்டும்.

செய்முறை எளியது. குழந்தைக்கு நெப்பி, தொப்பி, காலுறை மட்டும் போதும். தாயின் இரு மார்புகளுக்கிடையே நிமிர்ந்த நிலையில், மார்போடு மார்பாக வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும். மூக்கும் வாயும் மறைபடக்கூடாது. தாடை நெஞ்சோடு மடிந்துவிடக்கூடாது. கால்கள் தவளைக் கால்போல மடங்கியிருக்கும். சுத்தமான துணியால் சுற்றிக் கட்டி, மேல் விளிம்பு காதுக்குக் கீழ் வருமாறு பாருங்கள். வயிற்றை இறுக்க வேண்டாம். தாய் சற்றுச் சாய்ந்து அமரட்டும். எடுப்பதும் வைப்பதும் குழந்தையைக் களைக்கச் செய்யுமாதலால் ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது வைத்திருப்பது நல்லது. தாய் களைத்தால் தகப்பனும் பாட்டியும் செய்யலாம். ஆணின் நெஞ்சிலும் சூடு உண்டு.

கேட்கக் கூச்சப்படாதீர்கள்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்குச் சிங்களம் அந்நிய மொழியன்று. கடையிலும் பேருந்திலும் தாராளமாகப் பேசுகின்றோம். ஆனால் வைத்தியசாலை வாட்டுக்குள் நுழைந்ததும் நா எழுவதில்லை. 'ஏசுவார்களோ' என்ற அச்சம். பெரும்பாலான தாதிமார் வேலைப்பளுவால் களைத்தவர்களே அன்றிக் கல்நெஞ்சர் அல்லர். நேரம் பார்த்துப் பணிவாகக் கேளுங்கள்: "மிஸ், மட்ட பபாவ வடாகன்ன புளுவன்த?" பிள்ளையை நான் ஏந்தலாமா என்பதே அதன் பொருள். இன்று முடியாது என்றால், எப்போது முடியும் என்று கேளுங்கள். 'இன்று வேண்டாம்' என்பதற்குச் சில வேளை நல்ல காரணம் இருக்கும். அதனையும் கேட்டறியுங்கள்.

தாய் வைத்தியசாலையில் தங்குவதற்குக் குடும்பமும் வழிசெய்ய வேண்டும். மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும், சோறு கொண்டுபோகவும், பஸ் செலவுக்குக் கொடுக்கவும் ஆள் இல்லையென்றால் தாயால் அங்கே இருக்க முடியாது. இடைத்தங்கல் முகாமிலும் லயத்திலும் உள்ள மகளிர் குழுக்கள் இதனை ஒரு பொதுப்பணியாக ஏற்கலாம்.

வீடு திரும்பிய பின்

திரும்பும் இடம் உறவினரின் லயக் காம்பிராவாகவோ தற்காலிகக் கொட்டிலாகவோ இருக்கலாம். அங்கேயும் தாயின் நெஞ்சு உண்டு. கங்காரு முறையைத் தொடருங்கள். கீழ்வருவனவற்றையும் கவனியுங்கள்.

விறகடுப்புப் புகையும் சுருட்டுப் புகையும் குழந்தை இருக்கும் பக்கம் வரக்கூடாது. வானொலி, தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறையுங்கள். தடிமல் உள்ளவர்கள் எட்டி நின்று பார்க்கட்டும். படுக்கையில் மல்லாக்காகவே கிடத்துங்கள். வைத்தியசாலையில் குழந்தையைச் சுற்றித் துணிச்சுருள் வைத்ததைப் பார்த்து, வீட்டிலும் தலையணையோ துணிச்சுருளோ வைக்காதீர்கள். அங்கே தாதியின் கண்ணும் இயந்திரமும் காவல் இருந்தன, இங்கே மூச்சு அடைபடலாம்.

இடம்பெயர்ந்து வந்திருந்தால், இப்போது தங்கியுள்ள இடத்துக்குரிய குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது நமது மிட்வைஃப் அம்மாவிடம், உடனே பதியுங்கள். கிளினிக் அட்டையோ குழந்தையின் பதிவேடோ மண்ணோடு போயிருந்தாலும் தயங்க வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள். தடுப்பூசி, கண், காது பரிசோதனைத் திகதிகளைத் தவறவிடாதீர்கள்.

குழந்தை பால் குடிக்க மறுத்தல், துவண்டுபோதல், உடல் குளிர்தல் அல்லது காய்தல், நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குதல், நெஞ்சு உள்ளிழுத்தல், உடல் நீலமாதல், வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வழியிலும் குழந்தையை நெஞ்சோடு அணைத்தே கொண்டுசெல்லுங்கள்.

ஆரம்பத்தில் குறிப்பிட்ட அந்தத் தாய்க்கு என்ன நிகழ்ந்தது? மறுநாள் மூத்த தாதி ஒருவர் அவரை உள்ளே அழைத்து, கையைக் கழுவச் சொல்லி, பெட்டியின் வட்டக் கதவைத் திறந்து, குழந்தையின் தலையிலும் பாதத்திலும் அவர் கைகளை வைத்துக் காட்டினார். குழந்தை விரித்திருந்த விரல்களை மடக்கியது. மூன்றாம் நாள் அது தாயின் நெஞ்சில் இருந்தது. ஐந்து வாரம் கழித்து அவர்கள் லயத்துக்குத் திரும்பினார்கள். அக்குடும்பத்துக்கு நிலம் இன்னும் கிடைக்கவில்லை. அதற்கான மனு இன்னும் அலுவலகங்களில் அலைகின்றது. ஆனால் 'நான் செய்ய ஒன்றுமில்லை' என்ற சொல்லை அத்தாயிடமிருந்து நாம் பிறகு கேட்கவில்லை.

குழுவாகக் கூடிப் பேச

1. நமது லயத்தில் அல்லது முகாமில் தற்போது கர்ப்பிணிகள் எத்தனை பேர்? அவர்கள் எல்லோரும் இப்பகுதி மிட்வைஃப் அம்மாவிடம் பதிந்துள்ளார்களா?

2. ஒரு தாய் ஒரு மாதம் வைத்தியசாலையில் தங்க நேர்ந்தால், அவரது மூத்த பிள்ளைகளையும் பஸ் செலவையும் நாம் எவ்வாறு பகிர்ந்துகொள்வோம்?

3. குறைமாதக் குழந்தையை நெஞ்சில் ஏந்தத் தகப்பன்மார் கூச்சப்படுவது ஏன்? அக்கூச்சத்தைப் போக்க யார் முதலில் பேச வேண்டும்?